இரு சட்டங்களும் ஒரு தகரப்பெட்டியும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதைக்கு மேலே, நமுனுகுல மலையை நோக்கியவாறு அமைந்த தோட்டங்களுள் ஒன்றிலே பழைய லயம் ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கச்சான் காற்று ஓய்ந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில், அந்த லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்திருந்த இளைஞன் ஒருவனுக்கு அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவன் கொழுந்தெடுப்பவளின் மகன். கவ்வாத்து வெட்டியவரின் பேரன். பதுளை நகரிலே கணினிக் கல்வி பயின்றவன். தன்னோடு பயின்ற பலரைப் போலக் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிச் செல்லாது, லயத்திலிருந்தவாறே இணையத்தின் வழியாகப் பிறநாட்டவர்க்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து வந்தான். கைப்பேசிக்கு அலை கிடைப்பது இஸ்தோப்பின் ஒரு மூலையில் மட்டுமே. ஆதலால் அம்மூலையே அவனுடைய அலுவலகமாயிற்று.

அவனுக்கு வேலை கொடுத்தோர், அமெரிக்காவிலே சிறு கடைகளுக்கு மென்பொருள் விற்கும் ஒரு கம்பனியார். வாடிக்கையாளர் ஒருவர் தம் கைப்பேசியைத் திறந்தால், அவர் நிற்கும் இடத்துக்கு மிக அண்மையிலுள்ள கடையைக் காட்டும் பகுதியொன்றை அவன் எழுதிக் கொடுத்திருந்தான். பேசிய கூலி 800 டொலர். பணம் வந்து சேருமென எதிர்பார்த்த நாளிலே வந்த மின்னஞ்சலில் பணத்துக்குப் பதிலாகச் சட்டத்தரணி ஒருவருடைய கடிதத்தின் படி இருந்தது. அண்மையிலுள்ள கடையைக் கண்டு காட்டும் முறை தமது ஆக்கவுரிமைக்கு உட்பட்டதென்றும், 25,000 டொலர் செலுத்தினால் விவகாரத்தை முடித்துக்கொள்ளலாமென்றும், இன்றேல் வழக்குத் தொடரப்படுமென்றும் ஏதோ ஒரு நிறுவனம் அக்கம்பனியாருக்கு எழுதியிருந்தது. கம்பனியார் அதனை அவனுக்கு அனுப்பி, ஒப்பந்தத்தின் ஒன்பதாம் வாசகத்தைப் படித்துப் பார்க்குமாறு கேட்டிருந்தனர். அதுவரை கூலி நிறுத்திவைக்கப்படும் என்றும் ஒரு வரி இருந்தது.

அவன் கையொப்பமிட்ட அவ்வொப்பந்தம் பதினொரு பக்கங்களைக் கொண்டது. தோட்டத்திலே கொந்தரப்புக்கு வேலை ஏற்போர் எவ்வளவு இடம், எத்தனை நாள், என்ன கூலி என்று மட்டுமே கேட்பது வழக்கம். அவனும் வேலை, தவணை, கூலி ஆகிய மூன்றையும் பார்த்துக் கையொப்பமிட்டிருந்தான். ஒன்பதாம் வாசகமோ, எழுதிக் கொடுக்கும் வேலை உலகின் எந்த நாட்டிலும் எவருடைய உரிமையையும் மீறவில்லை என அவன் உறுதியளிப்பதாகவும், மீறியதாக எவரேனும் முறையிட்டால் அதனால் விளையும் செலவு முழுவதையும் அவனே ஏற்பதாகவும் கூறிற்று.

25,000 டொலர் என்பது அந்நாளைய பெறுமதியில் ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதே ஒக்டோபர் மாதத்திலேதான், தோட்டங்களிலே நடைபெற்ற சம்பளப் போராட்டங்களின் பின்னர், கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கொடுப்பனவுகள் அனைத்தும் சேர்ந்த நாட்கூலி 730 ரூபாயாயிற்று. இளைஞன் இரண்டையும் வகுத்துப் பார்த்தான். அவனுடைய தாய் 5,000 நாட்கள், முழுப்பேர் குறையாமல், மலையேறிக் கொழுந்து பறித்தால் அத்தொகை சேரும். வருடத்துக்கு 300 நாள் வேலை எனக் கொண்டாலும் பதினாறு வருடங்களுக்கு மேலாகும்.

அவன் எவரிடமிருந்தும் எதனையும் களவாடவில்லை. ஒவ்வொரு வரியையும் அவனே யோசித்து எழுதினான். அவ்வாறாயின் குற்றம் யாது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், புலமைச் சொத்து என ஒரே பெயரால் வழங்கும் உரிமைகளுள் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது பதிப்புரிமை. ஒருவர் எழுதிய நூலை மற்றவர் படியெடுத்து விற்பதை அது தடுக்கும். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச் சொத்து உடன்படிக்கை, கணினிச் செய்நிரல்களை இலக்கிய ஆக்கங்களாகவே கொண்டு பாதுகாக்குமாறு பணிக்கின்றது. இரண்டு புலவர்கள் ஒருவரையொருவர் அறியாது ஒரே பொருளைப் பாடினால் எவர்மீதும் பதிப்புரிமைக் குற்றம் சுமத்த இயலாது. இரண்டாவது, பேச்சில் ‘பேட்டன்ட்’ எனப்படும் ஆக்கவுரிமை. தமிழகத்தார் இதனைக் காப்புரிமை என்பர். இது எழுத்தைக் காப்பதன்று, முறையைக் காப்பது. விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு அம்முறையைப் பிறர் பயன்படுத்தாதவாறு தடுக்கும் அதிகாரத்தை அது கொடுக்கின்றது. அம்முறையைத் தானே சுயமாகக் கண்டறிந்தவனும், அத்தகைய பத்திரம் ஒன்று உண்டென்பதையே அறியாதவனும் அதற்குக் கட்டுப்பட்டவனே. ‘நான் எவரையும் பார்த்து எழுதவில்லை’ என்ற வாதம் பதிப்புரிமை வழக்கிலே பெரும் அரண். ஆக்கவுரிமை வழக்கிலோ அஃது அரணாகாது. மென்பொருள் எழுதுவோர்க்கு நேரும் இடர் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது.

ஆக்கவுரிமை என்னும் ஏற்பாடே தீயதென்று கூறுதல் பொருந்தாது. ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளே அதற்குச் சான்று. பெல்பாஸ்ட் நகரிலே சாமுவேல் டேவிட்சன் 1881இல் நிறுவிய சிரொக்கோ தொழிலகத்தின் உலர்த்தும் இயந்திரங்களும், வில்லியம் ஜாக்சன் வகுத்தமைத்த கொழுந்து அரைக்கும் இயந்திரங்களும் கைகளாலும் கரியடுப்பாலும் செய்யப்பட்ட வேலையை மாற்றியமைத்தன. அவற்றை வகுத்தோர் ஆக்கவுரிமை பெற்றிருந்தனர். ஆயின் அவ்வியந்திரங்களுக்கு உருவம் உண்டு. எந்தச் சுருள் எந்த விசிறியோடு எவ்வாறு பொருந்துகின்றது என்பதை வரைபடத்திலே காட்டலாம். அவ்வுரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை, ரோதை முனிக்குப் படையலிடும் தொழிலாளியும் அவ்வியந்திரத்தைச் சுற்றி நடந்து பார்த்து அறியலாம். வேறு வகையில் உலர்த்தும் பொறியொன்றைச் செய்வோனை அது தடுக்கவில்லை.

மென்பொருளின் நிலை வேறு. ‘பயனாளர் இருக்குமிடத்தை அறிந்து, பட்டியலொன்றோடு ஒப்பிட்டு, அண்மையிலுள்ளதைக் காட்டும் முறை’ என்று எழுதப்பட்ட உரிமைக் கூற்றுக்கு எல்லைக்கல் இல்லை. கூடை நிறையக் கொழுந்தோடு மலையிலே நிற்கும் பெண், மேல்மடுவம் கிட்டவா கீழ்மடுவம் கிட்டவா என எண்ணிப் பார்த்து நடக்கின்றாள். அவள் செய்வதும் அவ்வெண்ணமே. அதனைக் கணினியைக் கொண்டு செய்தவுடன் அது புத்தாக்கம் ஆகிவிடுமா என்பதே வினா. மேலும், ஓர் இயந்திரத்திலே ஆக்கவுரிமைக்கு உட்பட்ட பகுதிகள் ஒரு சில இருக்கலாம். ஒரு சிறு செய்நிரலோ நூற்றுக்கணக்கான முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டது. அவற்றுள் எது எவருடைய பத்திரத்தில் இருக்கின்றதெனத் தேடிப் பார்ப்பது ஒரு பெரிய கம்பனியாலும் எளிதிற் செய்ய முடியாத காரியம். லயத்து மூலையிலிருந்து எழுதுவோனால் அது முற்றிலும் இயலாது.

அமெரிக்காவின் உயர்ந்த நீதிமன்றம் 1972இல் வெறும் கணித முறைக்கு ஆக்கவுரிமை இல்லையெனத் தீர்ப்பளித்தது. 1981இல், இறப்பரைப் பதப்படுத்தும் முறையொன்றிலே கணினி ஒரு பகுதியாக அமைவதனால் மட்டும் அம்முறை தள்ளுபடியாகாது என்றது. 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று வழங்கிய தீர்ப்பின்பின் வியாபார முறைகளுக்கும் கதவு அகலத் திறந்தது. இவ்வாறு பெருகிய பத்திரங்களை விலைக்கு வாங்கி, எதனையும் உற்பத்தி செய்யாது, கடிதம் எழுதிப் பணம் பெறுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. 2011இல் லொட்சிஸ் என்னும் நிறுவனம், கைப்பேசிச் செயலிகளை எழுதும் தனிமனிதர்களுக்கும் சிறு குழுவினர்க்கும் கடிதம் அனுப்பி, அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவீதம் கேட்டது. கேட்கும் தொகை வழக்காடும் செலவைவிடப் பன்மடங்கு குறைவாக இருக்குமாறு பார்த்துக்கொள்வதே இத்தொழிலின் சூட்சுமம். நியாயம் தன் பக்கமென அறிந்தவனும் கணக்குப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுவான்.

இத்தகைய பத்திரங்களின் உண்மைப் பெறுமதியை ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். வாகனங்களும் பொதிகளும் வந்துசேரும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்கும் முறைமீது உரிமை கோரி நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தொடர்ந்த ஒரு நிறுவனம் 2018இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அப்போது தன்னிடமிருந்த அமெரிக்க ஆக்கவுரிமைகள் 34இன் மொத்தப் பெறுமதி ஒரு டொலர் என அந்நிறுவனமே எழுதிக் கொடுத்தது. அதற்குமுன் அவற்றைக் காட்டியே ஆயிரக்கணக்கான டொலர்கள் கேட்கப்பட்டு வந்தன.

பதுளை இளைஞன் இவற்றையெல்லாம் அந்நாளில் அறிந்திருக்கவில்லை. அன்றிரவு கடிதத்தின் சாரத்தைத் தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படுக்கையிலே சாய்ந்திருந்த அம்மாயி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஒனக்கிட்ட என்ன காயிதம் இருக்கு தம்பி?”

அவள் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. அம்மாயியின் கட்டிலின் கீழே துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்றிருந்தது. அதனுள்ளே பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், பழைய செக்ரோல் துண்டுகள், இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று, பிரசாவுரிமை வழங்கப்பட்டமையைக் காட்டும் பத்திரம் ஒன்று ஆகியன பொலித்தீன் உறையிலே சுற்றி வைக்கப்பட்டிருந்தன. இவை ஒரு குடும்பத்தின் பத்திரங்களாயினும், மலையக மக்கள் அனைவருடைய வரலாறும் அவற்றினுள் அடங்கும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இம்மண்ணிலே பிறந்ததைப் போதாதென்று கொண்டு, தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமையைக் காட்டும் ஆதாரத்தை வேண்டி நின்றது. லயத்திலே பிறந்து லயத்திலே இறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கே கிடைக்கும்? 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 975,000 மக்களுள் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. அம்மாயியின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். கடவுச்சீட்டு வந்தது, பயணம் நாள் தள்ளிப் போயிற்று. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. ஒரு நாட்டின் பத்திரத்தோடு மற்றொரு நாட்டின் கொழுந்தைப் பறித்தவாறு அவள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தாள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமே அவளை இந்நாட்டவளாக்கியது.

அச்சட்டத்துக்கு அடுத்த இலக்கமுடைய சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இரண்டும் அதே நவம்பர் மாதத்திலே சான்றுபடுத்தப்பட்டவை. பாட்டியின் குடியுரிமையை 35ஆம் இலக்கமும் பேரனின் தொழிலுரிமையை 36ஆம் இலக்கமும் நிர்ணயித்தன. சட்டப் புத்தகத்திலே இவை அடுத்தடுத்து நிற்பது தற்செயலே. எனினும் இரண்டுக்கும் பொதுவான நியதி ஒன்று உண்டு. ஆதாரத்தைக் காட்ட வேண்டியவன் எளியவன் என்பதே அது.

இந்நியதி மலையகத்துக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும் மறுப்பு நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த பகுதிகளிலே, தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தோரும் சன்னஸ் முதலிய பத்திரங்களையோ வழக்கமான வரி செலுத்தியமையையோ காட்டினாலன்றி நிலத்தை இழக்க நேர்ந்தது. ஊவாவின் கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் இத்தகைய ஏற்பாட்டின் மீதே எழுந்தன. அத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரைத் ‘துண்டு’ என்னும் மற்றொரு காகிதம் பிணித்தது. கடனை அடைப்பவருக்கே தொழிலாளியை விடுவிப்பதாகக் கூறும் அச்சீட்டு 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. ஆக, சிங்களக் குடியானவனின் நிலமும் தமிழ்த் தொழிலாளியின் உழைப்பும் எவரோ எழுதிய காகிதத்தாலே கைமாறின. காகிதத்தின் வலிமையை அம்மாயி எந்த நூலிலும் படித்தறியவில்லை, வாழ்ந்தறிந்தாள்.

“நாம வாயால சொன்னத எவன் கேட்டான்? காயிதத்துல இருந்தாத்தான் கேப்பான்,” என்றாள் அவள்.

அவளுடைய கூற்று ஆக்கவுரிமைச் சட்டத்திற்கும் முற்றிலும் பொருந்துவது. ஏற்கெனவே உலகம் அறிந்த ஒன்றுக்கு ஆக்கவுரிமை வழங்கலாகாது என்பது எல்லா நாடுகளும் ஏற்ற விதி. ஆயின் ‘உலகம் அறிந்தது’ என்பதற்கு எது சான்று? அமெரிக்கச் சட்டம் நெடுங்காலமாக, பிறநாட்டிலே மக்கள் பேசியும் பயன்படுத்தியும் வந்ததைச் சான்றாகக் கொள்ளவில்லை. அச்சிட்டு வெளியிடப்பட்டதையே கொண்டது. அந்நிலை 2013இலேதான் மாறியது. 1995இல் புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவிலே ஆக்கவுரிமை வழங்கப்பட்டபோது, வீட்டுக்கு வீடு பாட்டிமார் செய்துவந்த வைத்தியம் மட்டும் அதனை வீழ்த்தப் போதவில்லை. இந்திய விஞ்ஞான, தொழில்துறை ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களையும், 1953இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரையையும் எடுத்து வைத்த பின்னரே, 1997இல் அது நீக்கப்பட்டது.

இலங்கைச் சட்டம் இவ்விடயத்தில் ஓரளவு நேர்மையானது. உலகின் எப்பகுதியிலேனும் எழுத்தாலோ வாய்மொழியாலோ பயன்பாட்டாலோ முன்பு வெளிப்பட்டது புதியதாகாது என அது கூறுகின்றது. அதன் ஆறாம் பிரிவு கணினிச் செய்நிரல்களைப் பதிப்புரிமைக்குரிய எழுத்துகளோடு சேர்த்துள்ளது. ஆக்கவுரிமைக்கு உட்படாதவற்றைக் கூறும் அறுபத்திரண்டாம் பிரிவு, விஞ்ஞானக் கொள்கைகளையும் கணித முறைகளையும், வியாபாரம் செய்தல், மனத்தால் மட்டும் செய்தல், விளையாடுதல் ஆகியவற்றுக்கான முறைகளையும் விலக்குகின்றது. ஆனால் கணினிச் செய்நிரலை அது பெயர் சொல்லி விலக்கவில்லை. அம்மௌனம் எப்பொழுதும் எளியோர் பக்கமே பேசுமென்பதற்கு உறுதியில்லை.

அண்டை நாடான இந்தியா இம்மௌனத்தைக் கலைத்துள்ளது. 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கணினிச் செய்நிரல் தன்னளவிலே ஆக்கவுரிமைக்குரிய புத்தாக்கமன்று என அந்நாட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கே உட்பிரிவு கூறுகின்றது. 2004 டிசம்பரிலே பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் அவ்விலக்கைத் தளர்த்த முயன்றபோது, 2005இல் பாராளுமன்றம் அத்தளர்வை ஏற்காது விட்டது. அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாள், மென்பொருள் ஆக்கவுரிமை தொடர்பான பணிப்புரை ஒன்றை ஐரோப்பியப் பாராளுமன்றம் 14க்கு எதிராக 648 வாக்குகளால் நிராகரித்தது. அமெரிக்காவிலும் 2014இல் உயர்ந்த நீதிமன்றம், பழைய எண்ணமொன்றைக் கணினியிலே செய்வதாகக் கூறுவதனால் மட்டும் அது புத்தாக்கமாகாது எனத் தீர்ப்பளித்தது. இவையனைத்தும் நற்செய்திகளே. எனினும் நீதிமன்ற வாயில்வரை செல்லும் வசதியுடையோர்க்கே அத்தீர்ப்பு உதவும்.

ஆக்கவுரிமை அதனை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பது உண்மை. அமெரிக்கப் பத்திரத்தைக் கொண்டு பதுளையிலே எவரையும் தடுக்க இயலாது. ஆயின் பதுளையிலே எழுதப்படும் மென்பொருள் பதுளையிலே விற்கப்படுவதில்லை. கடலைக் கடந்து வர இயலாத சட்டம், ஒன்பதாம் வாசகம் என்னும் தோணியிலேறி லயத்து இஸ்தோப்புக்கு வந்துவிடுகின்றது. ஆக்கவுரிமையால் வரும் இடர் பெரிதும் ஒப்பந்தத்தின் வழியாகவே நம்மூர் இளைஞரை அடைகின்றது என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வருவோர் தெளிவாக உணர்தல் வேண்டும்.

அம்மாயியின் கேள்வியோடு அவன் மறுநாள் காலை மூலையில் அமர்ந்தான். எழுதிய செய்நிரலின் ஒவ்வொரு படியும் நாளும் நேரமும் குறித்துச் சேமிக்கப்பட்டிருந்தது. அது, தான் எவரையும் படியெடுக்கவில்லை என்பதைக் காட்டுமேயன்றி ஆக்கவுரிமைக் கோரிக்கைக்கு விடையாகாது என்பதையும் படித்தறிந்தான். ஆகவே அப்பத்திரத்துக்கு விண்ணப்பித்த நாளைக் கண்டு, அந்நாளுக்கு முன்னரே அம்முறையை விவரித்த வெளியீடுகளைத் தேடினான். புவியியல் தகவல் முறைமைகள் பற்றிய பழைய பாடநூல்கள், பல்கலைக்கழக அறிக்கைகள், எவரும் பார்க்கக் கூடியவாறு நாட்குறிப்போடு வெளியிடப்பட்ட செய்நிரல்கள் எனப் பதினான்கு கிடைத்தன. மூன்று இரவுகள் விழித்து, உரிமைக் கூற்றின் ஒவ்வொரு பகுதியும் எந்த வெளியீட்டில் எப்பக்கத்தில் உள்ளதென அட்டவணை எழுதிக் கம்பனியாருக்கு அனுப்பினான்.

ஆறு வாரங்களின் பின்னர் பதில் வந்தது. அவ்வட்டவணையைத் தம் சட்டத்தரணி மறுதரப்புக்கு அனுப்பியதாகவும், அதன்பின் அங்கிருந்து எவ்வித கடிதமும் வரவில்லை எனவும் கம்பனியார் எழுதியிருந்தனர். சட்டத்தரணிக்குச் சென்ற செலவில் ஒரு பங்கை அவனுடைய கூலியிலே கழித்துக்கொண்டு 400 டொலர் அனுப்பினர். பணம் வந்த செய்தியைக் கேட்ட தாய், “அரைப்பேர் போட்டுட்டானா?” என்று கேட்டாள். நாள் முழுதும் மழையிலே நனைந்து பறித்தும் கொழுந்து நிறை குறைந்ததெனப் பாதிக் கூலி போடப்படும் நாட்களை அறிந்தவளுக்கு, அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இதனை வெற்றியெனக் கூற இயலாது. 5,000 நாட்களின் கூலி பறிபோகவில்லை, அவ்வளவே. எனினும் அவன் அதன்பின் தொழில் செய்யும் முறை மாறியது. ஒப்பந்தம் வந்தால் முதலில் உரிமை மீறல் பற்றிய வாசகத்தையே படிப்பான். தான் அறிந்தவரையில் பிறருரிமையை மீறவில்லை என்றும், எந்நிலையிலும் தன் பொறுப்பு பெற்ற கூலியின் அளவை மிஞ்சாது என்றும் திருத்தித் தருமாறு கேட்பான். கேட்டவருள் பெரும்பாலோர் இசைந்தனர். இசையாத இருவருடைய வேலையை அவன் ஏற்கவில்லை. தன் தேவைக்கு எழுதும் சிறு கருவிகளை எவரும் காணுமாறு நாட்குறிப்போடு வெளியிட்டு வருகின்றான். வெளியிடப்பட்டதன்மேல் பின்வருவோர் எவரும் புதிதெனப் பத்திரம் பெறுதல் அரிது.

இவ்வழியிலே இலங்கையருக்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்கென இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் தொண்டாக எழுதிய சகானா என்னும் முறைமை, மூல நிரலோடு உலகுக்கு இலவசமாக விடப்பட்டது. பிறநாட்டுப் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. 2004இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்புப் போன்ற சில உரிமங்கள் மேலும் ஒரு படி சென்று, நிரலைத் தந்தவரே பின்னர் அதன்மேல் ஆக்கவுரிமை கோரிப் பயனாளரை வருத்தாதவாறு எழுத்திலே உறுதி செய்கின்றன. கூட்டாக வெளியிடுதலும் கூட்டாகக் காத்தலும் தனிமனிதனின் அச்சத்தைக் குறைக்கும்.

இன்று மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்வோர் பெருகி வருகின்றனர். பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்துள்ளது. கணினி மொழிகளைக் கற்பிக்கும் எல்லாக் கூடங்களிலும் ஒப்பந்த மொழியையும் ஒரு பாடமாகக் கற்பித்தல் வேண்டும். உரிமை மீறல் கடிதம் பெற்ற எளியோர் சென்று ஆலோசனை கேட்க ஓர் இடம் மாகாணந்தோறும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 36ஆம் இலக்கச் சட்டத்தின் அறுபத்திரண்டாம் பிரிவிலே, கணினிச் செய்நிரல் தன்னளவில் ஆக்கவுரிமைக்கு உட்படாது என்ற ஒரு வரி சேர்க்கப்படுதல் வேண்டும். 35ஆம் இலக்கச் சட்டம் பத்திரம் இல்லாத ஒரு மக்கட் கூட்டத்துக்குக் காலந்தாழ்த்தியேனும் நியாயம் செய்தது. அதற்கு அடுத்த இலக்கமும் அவ்வாறு செய்யுமாறு கேட்பது தகாத கோரிக்கையன்று.

அவன் தயாரித்த அட்டவணை ஐந்து தாள்களைக் கொண்டது. பதுளைக்குச் சென்ற ஒரு நாளிலே அதனை அச்சிட்டு எடுத்து வந்தான். அம்மாயிக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, திகதி போட்டிருக்கின்றதா என்று மட்டும் கேட்டாள். போட்டிருக்கின்றது என்றான். பொலித்தீன் உறையைப் பிரித்து, பிரசாவுரிமைப் பத்திரத்தின் கீழே அதனை வைத்துப் பெட்டியை மூடினாள்.